புனையா ஓவியமும் ஒரு புள்ளியும்

வண்ணம் தீட்டாது கோட்டினால் மட்டும் வரையப்பெறும் படத்துக்குப் பழந்தமிழ்ப் புலவர் வழங்கிய பெயர் ‘புனையா ஓவியம்’ என்பதாகும். நெடுநல்வாடையில், தலைவனைப் பிரிந்து அணிகலன்களை நீக்கியிருக்கும் அரசிக்கு இவ்வோவியம் உவமையாகிறது. புனைதல் என்னும் சொல்லுக்கு அழகு செய்தல் என்பது ஒரு பொருள். இல்லாததை உண்டாக்கிக் கூறுதல் என்பது மற்றொரு பொருள். இவ்விரு பொருளுக்கும் இடைப்பட்ட தொலைவு மிகச் சிறிது என்பதை யான் ஒரு கணிப்பொறியின் முன் அமர்ந்து கற்றுக்கொள்ள நேர்ந்தது.

மாணாக்கர் தாளில் வரையும் கோட்டோவியங்களை இணையவழியே பிறர் பார்வைக்கு அனுப்புமுன் அவற்றைத் தூய்மை செய்வது எவ்வாறு என்பதே இக்கட்டுரையின் பொருள். தமிழ்த்துறை மலரில் இதற்கு என்ன இடம் என்று அன்பர் சிலர் வினவக்கூடும். சுவடியைப் படியெடுத்தலும் பதிப்பித்தலும் நம் துறையின் பணி எனின், கல்வெட்டையும் கற்றூணையும் பார்த்து வரைந்த படத்தைப் பழுதின்றி வெளியிடுவதும் அப்பணியின்பாற் பட்டதே.

கீழக்கரை, காயல்பட்டினம் முதலிய கடற்கரை ஊர்களில் உள்ள பழைய பள்ளிவாசல்களைக் கண்டோர், அவற்றின் கற்றூண்களை மறந்திரார். மனித உருவமோ விலங்குருவமோ இன்றி, கொடியும் மலரும் மொட்டுமாகத் தமிழ்நாட்டுச் சிற்பியர் உளி நடத்திய தூண்கள் அவை. இத்தகைய கட்டடங்களைப் புதுப்பிக்கும்போது தூண்மேல் வண்ணப்பூச்சு ஏறுகிறது. சுவரில் பளிங்கு ஓடு பதிக்கப்பெறுகிறது. நல்லெண்ணத்தோடு செய்வதுதான். ஆயினும் அடியில் இருந்தது கண்ணுக்கு மறைந்துவிடுகிறது. ஆகவே, ஓய்வு நாள்களில் மாணவர் சிலரை அழைத்துச் சென்று, கண்டதைக் கண்டவாறு பென்சிலால் வரைந்துவரச் செய்வது என் வழக்கம். நிழற்படம் எடுத்தால் போதாதா என்பார்க்கு ஒரு சொல். தேய்ந்த எழுத்தைக் கருவி பார்ப்பதில்லை. பக்கவாட்டில் விளக்கைப் பிடித்து, விரலால் தடவி, ‘இங்கே ஒரு வளைவு இருக்கிறது’ என்று அறிந்து வரைபவன்தான் அதனைப் பார்க்கிறான்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், கடற்கரையூர் ஒன்றின் பழம்பள்ளியில், ஒளுச் செய்யும் ஹவுளின் கரையில் பதித்திருந்த ஒரு கல்லை மாணவர் இருவர் வரைந்து வந்தனர். அதில் அரபுத்தமிழில் சில வரிகள் இருந்தன. மேல்வரிகளை ஒருவரும் கீழ்வரிகளை மற்றவரும் வரைந்தனர். தாளில் தேநீர்க் கறை, அழிப்பானின் தேய்ப்பு, குறிப்பேட்டின் நீலக் கோடுகள், கைபட்டுக் கலைந்த கரி. மேல்வரிப் படத்தை ஸ்கேனரில் இட்டு, கணிப்பொறியில் அரைமணி நேரம் ‘தூய்மை’ செய்தேன். அச்சில் வார்த்தாற்போல் வெண்தாளில் கருங்கோடாக நின்றது. பெருமிதத்தோடு வாட்ஸ்அப் குழு ஒன்றில் அனுப்பிவிட்டு உறங்கச் சென்றேன்.

மறுநாள் சுபுஹுத் தொழுகை முடிந்த சற்று நேரத்தில், அவ்வூர்ப் பெரியவர் ஒருவர் தொலைபேசியில் அழைத்தார்.

“தம்பி, படம் ரொம்ப அருமை. ஆனால் எங்கள் பாட்டனார் ஹவுளுக்குக் கதையா எழுதிவைத்தார்? கடையல்லவா எழுதிவைத்தார்!”

“என்ன மாமா சொல்கிறீர்கள்?” என்றேன்.

“நீங்களே மறுபடி படித்துப் பாருங்கள். ‘கதை இரண்டு’ என்று இருக்கிறது. கடைத்தெருவில் இரண்டு கடையின் வாடகை ஹவுளுக்கு என்று என் வாப்பா அந்தக் கல்லைக் காட்டித்தான் எனக்குச் சொன்னார்.”

படித்தேன். அவர் கூறியது மெய்யே. அரபு எழுத்துகளுள் ‘தால்’ என்பதன் கீழே ஒரு புள்ளி இட்டு, அதனை டகரமாக வழங்குவது அரபுத்தமிழ் மரபு. அப்புள்ளி என் படத்தில் இல்லை. புள்ளி போன கடை, கதையாகிவிட்டது. வக்ஃபுச் சொத்து ஒன்றன் சான்று, என் கைத்திறத்தால் நகைப்புக்கு இடமாயிற்று.

புள்ளியின் அருமையைத் தமிழாசிரியனுக்கு யாரும் சொல்லித்தர வேண்டுவதில்லை. மெய்யெழுத்து புள்ளி பெறும் என்பது தொல்காப்பியம் அறிந்த செய்தி. எகர ஒகரக் குறில்களும் பண்டு புள்ளியால் அறியப்பெற்றன. ஆயினும் ஏட்டில் எழுத்தாணியால் அழுத்திப் புள்ளி குத்தினால் ஓலை துளைபடும் என்று எழுதுவோர் அதனை விட்டனர். பின்வந்தோர் மெய்யா உயிர்மெய்யா, குறிலா நெடிலா என்று பொருள் நோக்கித் தெளிய வேண்டியதாயிற்று. அரபெழுத்திலோ இத்தொல்லை இன்னும் பெரிது. கீழே ஒரு புள்ளியாயின் ‘பே’, மேலே இரண்டாயின் ‘தே’, மூன்றாயின் ‘ஸே’; எழுத்தின் உடல் மூன்றுக்கும் ஒன்றே. தமிழ் ஒலிகளுக்காக நம் முன்னோர் மேலும் சில புள்ளிகளைச் சேர்த்தனர். ‘நூன்’ எழுத்துக்குக் கீழே கூடுதலாக ஒரு புள்ளி வைத்தால் அது ணகரம். அது மறைந்தால் மணம் மனமாகும். இத்தனையும் வகுப்பில் எடுத்துரைத்தவன் யான். எனினும் கணிப்பொறியில் ஒரு பொத்தானை அழுத்தும்போது நினைவு வரவில்லை.

புள்ளி எங்கே போயிற்று என்று ஆராய்ந்தபோது என் பிழைகள் மூன்று எனத் தெரிந்தது.

முதலாவது, ஸ்கேன் செய்த அளவு. கோப்பு சிறியதாக இருக்கட்டும் என்று அங்குலத்துக்கு 150 புள்ளி என்ற அளவில் எடுத்திருந்தேன். பென்சில் முனையால் இட்ட புள்ளி அரை மில்லிமீட்டர் அகலம் உடையது என்று கொள்வோம். 150 என்னும் அளவில் அது மூன்று பிக்சல் அகலமே பெறும், 300-இல் ஆறு, 600-இல் பன்னிரண்டு. பென்சில் ஓவியத்துக்கு 300-க்குக் குறையாமலும், நுண்ணிய மைக்கோட்டுக்கு 600-உம் வைத்துக்கொள்வது நலம். ஏ4 தாள் ஒன்று 300-இல் 2480-க்கு 3508 பிக்சல் ஆகும். இக்காலக் கணிப்பொறிக்கு இது பெருஞ்சுமை அன்று. சிறிதாக்க வேண்டுமெனின் இறுதியில் சிறிதாக்கலாம். முதலில் விட்டதைப் பின்னர்ப் பெற இயலாது.

இரண்டாவது பிழை, கறுப்பு வெள்ளை என்று இரண்டாகப் பிரித்தது. சாம்பல்நிற முறையில் ஸ்கேன் செய்த படத்தில் ஒவ்வொரு பிக்சலுக்கும் 0 முதல் 255 வரை ஒரு மதிப்பு உண்டு. 0 முழுக் கறுப்பு; 255 முழு வெண்மை. தாள் 230, அழுத்தி இழுத்த கோடு 80, மெல்லத் தொட்ட புள்ளி 165, கைபட்ட கறை 205 என்று இருப்பதாக எண்ணிக்கொள்க. நடுவே 128-இல் ஒரு வரம்பு கட்டி, அதற்கு மேற்பட்டதெல்லாம் வெள்ளை என்று தீர்ப்பளிப்பது ‘த்ரெஷோல்ட்’ என்னும் கருவியின் வேலை. கறை போயிற்று, கூடவே புள்ளியும் வெளிறிற்று. இவ்வரம்பைத் தானே கண்டுகொள்ளும் கணக்குமுறை ஒன்றை ஜப்பானிய அறிஞர் நொபுயுகி ஒட்சு 1979-இல் வெளியிட்டார். அச்சிட்ட நூற்பக்கத்துக்கு அது நன்கு பொருந்தும். அங்கே எழுத்து, தாள் என இரண்டே கூட்டம். பென்சில் படத்திலோ அழுத்தமும் மென்மையுமாக இடைநிலைகள் பல. இருகூட்டமாகப் பிரிக்க முற்படின், நடுவில் நிற்பவர்க்கு நீதி கிடைப்பதில்லை.

இதற்கு மாறாக ‘லெவல்ஸ்’ என்னும் கருவியைக் கையாளுதல் தக்கது. ஜிம்ப், கிரீட்டா போன்ற இலவச மென்பொருள்களிலும் இஃது உண்டு. வெண்மையின் எல்லையை 255-இலிருந்து தாளின் மதிப்புக்குச் சற்றுக் கீழே, அதாவது மேற்காட்டிய எடுத்துக்காட்டில் 215 அளவுக்கு, மெல்ல இறக்கினால் தாளின் மங்கல் வெண்மையாகும். கறுப்பின் எல்லையை 0-விலிருந்து 60 அளவுக்கு ஏற்றினால் கோடு அழுத்தம் பெறும். இடைப்பட்ட மென்மைகள் தம் வரிசை மாறாது நிற்கும். கறை சிறிது எஞ்சும். எஞ்சட்டும், அதனைக் கையால் நீக்கலாம்.

மூன்றாவது பிழையே கொடியது. ‘டெஸ்பெக்கிள்’ என்று ஒரு வசதி, துகள்நீக்கி எனலாம். இதன் செயல்முறை எளிது. ஒவ்வொரு பிக்சலையும் சுற்றிலும் உள்ள பிக்சல்களோடு சேர்த்து மதிப்பு வரிசையில் நிறுத்தி, நடுவில் நிற்கும் மதிப்பை அதற்கு வழங்கிவிடும். ஏழுக்கு ஏழான கட்டத்துள் பிக்சல்கள் 49. மூன்று பிக்சல் அகலமுள்ள என் புள்ளி அவற்றுள் ஏழெட்டு இடங்களையே கொள்ளும். மற்றவை அனைத்தும் வெள்ளை. பெரும்பான்மை வென்றது, புள்ளி மறைந்தது. தூசுக்கும் புள்ளிக்கும் வேறுபாடு பொறிக்குத் தெரியாது. அளவில் இரண்டும் ஒன்று, பொருளில்தான் வேறு. பொருள் அறியாத கருவியிடம் பொருளுள்ள வேலையை ஒப்படைத்தவன்தான் குற்றவாளி.

அன்று முதல் துகள்நீக்கியை எழுத்துள்ள படங்களுக்கு யான் பயன்படுத்துவதில்லை. கறையைக் கையால்தான் நீக்குகிறேன். அதற்கும் ஒரு முறை உண்டு. படத்தின் மேலே வேறோர் அடுக்கைத் திறந்து, கறை உள்ள இடங்களில் அவ்வடுக்கின்மீது மட்டும் வெள்ளை பூசுவது. மேலடுக்கை மறைத்தால் அடியில் உள்ளது உள்ளவாறே தெரியும். எதை நீக்கினோம் என்பது என்றும் கண்காணிப்பில் இருக்கும். 1887-இல் சீவக சிந்தாமணியைப் பதிப்பித்த உ.வே.சாமிநாதையர் முதலான பதிப்பாசிரியர்கள், தாம் கொள்ளாத பாடத்தை எறிந்துவிடாது அடிக்குறிப்பில் காட்டிய நேர்மை இத்தகையதே என்று மாணவர்க்குக் கூறுவேன். ஸ்கேன் செய்த மூலக்கோப்பை ஒருபோதும் திருத்தாது தனியே வைத்துப் படியில் மட்டுமே பணி செய்தல் வேண்டும். யான் அன்று மூலக்கோப்பின் மேலேயே சேமித்துவிட்டேன் என்பதையும் இங்கே ஒப்புக்கொள்ளல் முறையாகும்.

ஓரிடத்தில் உள்ளது புள்ளியா தூசா என்ற ஐயம் எழுந்தால், எளிய சோதனை ஒன்று உளது. தாளை ஒருமுறை நேராகவும் மறுமுறை தலைகீழாகத் திருப்பியும் வைத்து ஸ்கேன் செய்க. பின் ஒன்றைத் திருப்பி இரண்டையும் ஒப்பிடுக. ஸ்கேனர்க் கண்ணாடியில் ஒட்டிய தூசு, படத்தில் வேறிடத்துக்கு மாறியிருக்கும். இரண்டிலும் ஒரே எழுத்தின் கீழே நிற்பது தாளுக்கு உரியது. தாளில் இருப்பது பென்சிலா கறையா என்பதை உருப்பெருக்காடி கொண்டு நோக்கினால் பெரும்பாலும் அறியலாம். சாய்ந்த ஒளியில் பென்சிற்கரி சற்று மினுங்கும், தேநீர்க்கறை மினுங்காது.

ஸ்கேனர் இல்லாதார் கைப்பேசியால் படமெடுப்பர். தவறில்லை. சன்னலருகே, வெயில் நேரே விழாத பகலொளியில், தாளைச் சமமாக விரித்து, தாளுக்கு நேர் மேலிருந்து எடுக்க வேண்டும். அப்போதும் ஒருபக்கம் வெளிச்சமும் மறுபக்கம் மங்கலுமாகவே வரும். இதனைச் சமன்செய்ய, படத்தின் படி ஒன்றை மேலடுக்காக வைத்து, கோடுகளெல்லாம் கரைந்துபோகும் அளவுக்கு அதனை மங்கலாக்கி, அடுக்கின் கலப்பு முறையை ‘டிவைட்’ என மாற்றுக. கீழுள்ள ஒவ்வொரு பிக்சலும் அவ்விடத்து ஒளியால் வகுக்கப்பெற்று, தாள் முழுதும் ஒரே வெண்மை பெறும். ஆவணங்களைப் படமெடுக்கும் செயலிகள் இவ்வேலையைத் தாமே செய்யும். ஆனால் அவற்றுட் பல, கேளாமலே கறுப்பு வெள்ளையாகவும் மாற்றிவிடும். வண்ணப்படமாகவோ மூலப்படமாகவோ சேமிக்கும் வழி அச்செயலியில் இருந்தால் அதனைத் தேர்ந்துகொள்க.

குறிப்பேட்டின் நீலக் கோட்டை நீக்க ஓர் இனிய வழி உண்டு. படத்தை வண்ணத்தில் ஸ்கேன் செய்து, சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று கூறுகளாகப் பிரித்து, நீலக் கூற்றை மட்டும் கொள்க. வெளிர்நீலக் கோடு நீல ஒளியை நன்கு திருப்பி அனுப்புவதால் அக்கூற்றில் தாளோடு தாளாகக் கலந்துவிடும். பென்சிற்கோடு மட்டும் நிற்கும். அச்சுக்கூடப் படக்கருவியில் வெளிர்நீலம் பதியாது என்பதால் சித்திரக்கதை ஓவியர் அந்நாளில் முதல் வரைவை நீலப் பென்சிலால் இட்டதும் இதையொத்த சூழ்ச்சியே. ஆனால் பழுத்துப் பழுப்பேறிய தாளாயின் நீலக் கூறு உதவாது. மஞ்சள் அதில் இருண்டு தோன்றும். அங்கே சிவப்புக் கூறே வெண்மை தரும். இதிலும் ஒரு கண்ணி இருக்கிறது. பழைய கையெழுத்துப் படிகளில் தலைப்பையும் சிறப்புப் பெயரையும் செம்மையால் எழுதியிருப்பர். சிவப்புக் கூற்றைக் கொண்டால் அச்செவ்வெழுத்துகள் கறையோடு சேர்ந்து கரைந்துபோகும். எந்தக் கூற்றைக் கொள்ளுமுன்னும் மூன்றையும் அருகருகே வைத்துப் பார்த்தல் வேண்டும்.

கோட்டைத் திருத்தி அழகாக்கலாமா என்று மாணவர் கேட்பர். கற்பனை ஓவியமாயின் தாராளமாகச் செய்யலாம். நடுங்கிய கோட்டை மேலடுக்கில் மீண்டும் இழுக்கலாம். இங்க்ஸ்கேப் போன்ற மென்பொருளால் வளைகோடாகவே மாற்றிக்கொள்ளலாம். ஒன்றைப் பார்த்து வரைந்த படமாயின் யான் உடன்படேன். வளைகோடாக்கும்போது, குறிப்பிட்ட அளவுக்குச் சிறிய புள்ளிகளை விட்டுவிடும் அமைப்பு அம்மென்பொருளிலும் உண்டு. மேலும், உளிபட்டுச் சிதைந்த ஓரம் வழுவழுப்பாகி, அந்தக் கல் நேற்றுச் செதுக்கியதுபோல் ஆகிவிடும்.

அண்மைக் காலத்தில் செயற்கை நுண்ணறிவால் படத்தை ‘மேம்படுத்தும்’ கருவிகள் வந்துள்ளன. மாணவர் ஒருவர் அரபுத்தமிழ் வரியொன்றை அதில் இட்டுக் காட்டினார். கோடுகள் கண்ணைப் பறித்தன. எழுத்துகளோ எம்மொழிக்கும் உரியன அல்ல. தான் முன்பு கண்ட பல்லாயிரம் படங்களைக் கொண்டு ‘இங்கே இப்படி இருந்திருக்கலாம்’ என்று அக்கருவி நிரப்புகிறது. கற்றுச்சொல்லி ஒருவன் ஏட்டில் சிதைந்த இடத்தைத் தன் சொல்லால் நிரப்பி, நிரப்பியதையும் சொல்லாது போனால் எவ்வாறோ, அவ்வாறே இதுவும். முற்கூறிய இரண்டாம் வகைப் புனைதல் இதுதான்.

அனுப்பும் முறை பற்றிச் சில சொற்கள். கோட்டோவியத்தை பி.என்.ஜி. கோப்பாகச் சேமிப்பது நலம், அதில் இழப்பில்லை. ஜே.பி.இ.ஜி. முறை நிழற்படத்துக்காக அமைந்தது. எட்டுக்கு எட்டான கட்டங்களாகப் படத்தைப் பிரித்துச் சுருக்குவதால், மிகச் சுருக்குங்கால் கருங்கோட்டைச் சுற்றிலும் அழுக்குப்போல் நிழல் படரும். அரும்பாடுபட்டு நீக்கிய கறை வேறு வடிவில் திரும்பி வந்ததாகும். வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் அது தானே சுருக்கும்; ஆவணமாக இணைத்து அனுப்பினால் உள்ளவாறே சேரும்.

இனி, கடைக்கும் கதைக்கும் வருவோம். தொலைபேசியை வைத்ததும், வரைந்த மாணவரை அழைத்துக் கேட்டேன். “ஐயா, குறிப்பேட்டில் புள்ளி இருக்கிறது. விளக்கைச் சாய்த்துப் பார்த்துத்தான் வைத்தேன்” என்றார். கொண்டுவந்து காட்டினார், இருந்தது. மீண்டும் 600 அளவில் ஸ்கேன் செய்து, தேநீர்க் கறையின் பெரும்பகுதியை அப்படியே விட்டு, அன்று மாலையே திருத்திய படத்தை அனுப்பினேன். முன்னது பிழை, அதனை நீக்கிவிடுக என்றும் எழுதினேன். பெரியவர் மகிழ்ந்தார். ஆயினும் பிழையுள்ள படம் எத்தனை கைப்பேசிகளில் தங்கிற்றோ!

இரண்டாம் மாணவர் வரைந்த கீழ்வரிகளின் நிலை வேறு. அவர் பென்சிற்கோட்டின்மேல் மையிட்டு, அது காய்ந்தபின் பென்சிலை முற்றும் அழித்துத் தாளைத் தூய்மையாகவே கொண்டுவந்திருந்தார். அதில் ஒரு சொல் ‘பனை’ என நிற்கிறது. கீழே ஒரு புள்ளி இருந்திருப்பின் அது ‘பணை’, அதாவது வயல், ஆகும். மணற்பாங்கான ஊரில் வயலேது, பனைதான் என்பார் சிலர். உள்நாட்டில் ஏரிப்பாசன நிலமும் அக்குடும்பத்துக்கு இருந்தது என்பார் வேறு சிலர். மாணவர்க்கு நினைவில்லை. தாளைச் சாய்ந்த ஒளியில் பிடித்துப் படமெடுத்தோம். பென்சில் அழுந்திய தடம் அழித்த பின்னும் சில வேளை தாளில் நிற்குமன்றோ! அவ்வெழுத்தின் கீழே சிறு குழிவு போன்ற ஒன்று தெரிகிறது. அது பென்சில் முனை பட்ட இடமாகவும் இருக்கலாம். தாளின் சொரசொரப்பாகவும் இருக்கலாம். கல்லையே சென்று காணலாம் என்று புறப்பட்டபோது, ஹவுளின் கரை முழுதும் புதிய ஓடு பதித்து முடிந்திருந்தது.

அப்படம் இப்போது எங்கள் துறையின் தொகுப்பில் இருக்கிறது. அவ்வெழுத்தைச் சுற்றி யாம் எதையும் தூய்மை செய்யவில்லை; அழிப்பான் தேய்த்த மங்கல் அப்படியே தெரிகிறது. அடியில், ‘இவ்வெழுத்தின் கீழே புள்ளி இருந்ததா என்பது தெளிவாகவில்லை, சாய்ந்த ஒளியில் எடுத்த படம் அருகே தரப்பட்டுள்ளது’ என்று ஒரு வரி எழுதியிருக்கிறோம். ஓடு பதிக்குமுன் அக்கல்லைப் படித்த முதியோர் எவரேனும் அவ்வூரில் இருப்பின், அச்சொல்லை எங்களுக்குக் கூறியருள வேண்டுகிறேன்.